பாறை எந்த நீரில் பிறந்தது? கார்பனேட் படிவுகளில் அருமண் தனிமங்கள் தரும் சான்று

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிலவியலைத் தமிழில் பேசவும் கேட்கவும் ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தந்திருக்கும் அறக்கட்டளையாருக்கு முதற்கண் நன்றி. இந்த மேடையில் பொதுவாகப் பேசிக் கலைவதைவிட, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் அடி வரை போய்ப் பார்ப்பதே நிறுவியவர்களின் நோக்கத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கேள்வி இதுதான்: ஒரு கார்பனேட் பாறை கையில் கிடைத்தால், அது எந்த நீரில், எத்தகைய சூழலில் உருவானது என்பதை அந்தப் பாறையையே கேட்டு அறிய முடியுமா?

1. ஒரே நுரை, வேறு வேறு பிறப்பு

திருப்பத்தூர் மாவட்டத்துச் செவத்தூரிலிருந்து கால்சைட் மிகுந்த ஒரு கல்லும், அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து ஒரு சுண்ணாம்புக்கல்லும் எடுத்து வந்து, இரண்டின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். இரண்டும் நுரைக்கும். ஆனால் செவத்தூர்க் கல் பூமியின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பாக மேலேறி இறுகியது. அதைக் கார்பனடைட் என்கிறோம். அரியலூர்க் கல்லோ ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலின் அடியில் சிப்பிகளோடு சேர்ந்து படிந்தது.

அரியலூர்க் கல் எந்த நீரில் பிறந்தது என்ற ஐயமே எழாது. கல்லிலேயே சிப்பி இருக்கிறது. கடல் என்று யாரும் சொல்லிவிடலாம். சிக்கல் எப்போது வருகிறது? விலங்குகள் தோன்றுவதற்கு முன்பு படிந்த பாறைகளில் சிப்பியும் இல்லை, பவளமும் இல்லை. நுண்ணுயிர்ப் பாய்கள் அடுக்கடுக்காக வளர்ந்து உறைந்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் மட்டுமே இருக்கும். அவை கடலிலும் வளரும், ஏரியிலும் வளரும். வெந்நீர் ஊற்றின் விளிம்பில் உயிரின் தலையீடே இல்லாமல் அதே வடிவில் படிவுகள் உருவாவதும் உண்டு. உருவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத இந்த இடத்தில்தான் வேதியியல் வேண்டியிருக்கிறது. அந்த வேதியியலில் அருமண் தனிமங்கள் அளவுக்குச் செய்தி சுமந்து வரும் தொகுதி வேறு அதிகமில்லை.

இன்று நான் சொல்ல வந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அருமண் தனிமங்கள் நல்ல சாட்சிதான். ஆனால் ஒரு பாறைத் தூளைக் கரைத்து அளக்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரு சாட்சியின் குரல் அல்ல. கடல் பேசுகிறது, நிலத்துக் களி பேசுகிறது, பிற்காலத்தில் பாறைக்குள் புகுந்த நீரும் பேசுகிறது. யாருடைய குரல் இது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பிரித்துவிட்டால் மூன்றுமே பயன்படும். பிரிக்காவிட்டால் மூன்றுமே வீண்.

2. தொடரின் ஒழுங்கும் இரண்டு விலக்குகளும்

லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை, அணு எண் 57 முதல் 71 வரை உள்ள 15 தனிமங்கள் இந்தத் தொகுதி. இவற்றில் புரோமித்தியத்துக்கு நிலையான ஐசோடோப்பு கிடையாது. ஆகவே பாறையில் நாம் அளப்பது 14 தனிமங்களை. இவற்றோடு அணு எண் 39 உடைய இட்ரியத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். காரணம் பின்னால் வரும்.

இவை அனைத்தும் பெரும்பாலும் மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனிகளாகவே இயற்கையில் உலவுகின்றன. அணு எண் ஏற ஏற அயனியின் ஆரம் சிறிது சிறிதாகக் குறைகிறது: லாந்தனத்துக்கு 103 பைக்கோமீட்டர், லுட்டீசியத்துக்கு 86. 1925-இல் கோல்ட்ஷ்மிட் இதற்கு லாந்தனைடுச் சுருக்கம் என்று பெயரிட்டார். கால்சியம் அயனியின் ஆரம் 100 பைக்கோமீட்டர் என்பதையும் நினைவில் வையுங்கள். கால்சைட் படிகம் வளரும்போது கால்சியத்தின் இடத்தில் அருமண் அயனி அமர முடிவதற்கு இந்த நெருக்கமே காரணம். கூடுதலாக வரும் ஒரு மின்சுமையைச் சோடியம் போன்ற அயனிகள் ஈடுகட்டுகின்றன.

எல்லாத் தனிமங்களும் ஒரே போக்கில், ஆரம் குறையும் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன என்பதே இந்தத் தொகுதியின் பலம். ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகினால் உடனே தெரிந்துவிடும். அப்படி விலகக்கூடியவை முதன்மையாக இரண்டு. சீரியம் ஆக்சிஜன் உள்ள இடத்தில் நான்கு மின்சுமை கொண்டதாக மாறும். யூரோப்பியம் வெப்பமும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்த இடத்தில் இரண்டு மின்சுமை கொண்டதாகும். முன்னது ஆக்சிஜனைப் பற்றிப் பேசும்; பின்னது வெந்நீரைப் பற்றிப் பேசும்.

அளந்த எண்களை அப்படியே வரைபடத்தில் இட்டால் அது ஏறி இறங்கும் பற்களாகத்தான் தெரியும். இரட்டைப்படை அணு எண் உள்ள தனிமங்கள் இயற்கையில் அதிகம், ஒற்றைப்படையானவை குறைவு என்பதே காரணம். ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு பொது அளவுகோலால் வகுக்கிறோம். 1960-களின் தொடக்கத்தில் மசூதாவும் காரியலும் தொடங்கிவைத்த வழக்கம் இது. கடல் படிவுகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் அளவுகோல், டெய்லரும் மெக்லென்னனும் 1985-இல் தொகுத்த ஆஸ்திரேலியக் களிப்பாறைச் சராசரி. இந்தக் களிப்பாறை கண்டத்தின் மேலோட்டுக்குப் பிரதிநிதி. எனவே வகுத்துக் கிடைக்கும் கோடு, நிலத்திலிருந்து புறப்பட்ட அருமண் தொகுதி நீருக்குள் போன பிறகு எப்படி மாறியது என்பதைக் காட்டுகிறது. கோடு தட்டையாக இருந்தால் மாற்றமே இல்லை, நிலம் அப்படியே வந்திருக்கிறது என்று பொருள்.

3. கடல்நீரின் நான்கு அடையாளங்கள்

கடல்நீரில் அருமண் தனிமங்கள் மிகமிகக் குறைவு. நியோடிமியத்தை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ நீரில் சில நானோகிராம்; அதாவது லட்சம் கோடியில் சில பங்கு. இவற்றை நம்பகமாக அளப்பதே அரிதாக இருந்த காலத்தில், 1982-இல் எல்டர்ஃபீல்டும் கிரீவ்ஸும் வெளியிட்ட அளவீடுகள் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டன. அன்று முதல் திரும்பத் திரும்ப உறுதியான அடையாளங்கள் நான்கு.

முதலாவது, இலேசான அருமண்கள் குறைந்தும் கனமானவை மிகுந்தும் இருப்பது. கடல்நீரில் உள்ள கார்பனேட் அயனிகள் கனமான அருமண்களோடு வலுவான பிணைப்புக் கொண்டு அவற்றைக் கரைசலிலேயே நிறுத்திவைக்கின்றன. இலேசானவையோ நீரில் மிதக்கும் துகள்களின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ச் சேர்கின்றன. ஆகவே களிப்பாறையால் வகுத்த கோடு இடமிருந்து வலமாக ஏறிச் செல்லும்.

இரண்டாவது, சீரியத்தின் பள்ளம். ஆக்சிஜன் உள்ள நீரில் மாங்கனீசு ஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பில் சீரியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து அங்கேயே தங்கிவிடும். ஆழ்கடல் மாங்கனீசு முடிச்சுகளில் சீரியம் மிகுந்திருப்பதும், அதே அளவுக்குக் கடல்நீரில் அது குறைந்திருப்பதும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

மூன்றாவது, லாந்தனமும் கடோலினியமும் சற்றே உயர்ந்து நிற்பது. நான்காவது, இட்ரியத்துக்கும் ஹோல்மியத்துக்கும் உள்ள விகிதம். இவ்விரண்டின் மின்சுமையும் ஒன்று, ஆரமும் ஏறத்தாழ ஒன்று. பாறைக்குழம்பில் இவை பிரிவதில்லை. விண்கற்களிலும் களிப்பாறையிலும் இந்த விகிதம் 27, 28 என்ற அளவிலேயே நிற்கிறது. கடலில் மட்டும் பிரிகின்றன. துகள்கள் ஹோல்மியத்தை இட்ரியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் அகற்றுவதால், கடல்நீரில் விகிதம் 44 முதல் 74 வரை உயர்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் நிலத்தின் விகிதத்திலிருந்து அது பெரிதும் விலகுவதில்லை. கடலா, நன்னீரா என்று கேட்பவருக்கு இந்த ஒரு எண்ணே பாதி விடை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெருங்கடல் முழுவதும் ஒருமுறை கலந்து முடிய ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும். பல அருமண்கள் அதற்குள்ளாகவே நீரைவிட்டு வெளியேறிவிடுகின்றன. சீரியத்தின் தங்கல் காலம் அதைவிடவும் குறைவு. ஆகவே பாறையில் பதிவது உலகப் பெருங்கடலின் சராசரி அல்ல. அந்தப் பாறை படிந்த இடத்துக் கடலின் நிலை. படிவுச்சூழலைத் தேடுகிற நமக்கு இது குறையல்ல, வாய்ப்பு.

4. இன்றைய பவளத்திட்டில் ஒரு சோதனை

நீரில் உள்ள அடையாளம் பாறையில் மாறாமல் பதிகிறதா? இதை முதலில் இன்றைய படிவில் பார்த்தாக வேண்டும். 2000-இல் வெப், கேம்பர் இருவரும் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஹெரன் திட்டை எடுத்துக்கொண்டார்கள். பவளப் பொந்துகளுக்குள் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் படிந்த நுண்ணுயிர்க் கார்பனேட்டுகளை அளந்தார்கள். கடல்நீரின் அடையாளங்கள் அங்கே தெளிவாக இருந்தன. உடலுக்குள் ஓடு வளர்க்கும் உயிரினம் தன் உடற்செயலால் அயனிகளைத் தேர்ந்தெடுக்கும். நுண்ணுயிர்ப் பாயில் படியும் கார்பனேட்டோ சுற்றியுள்ள நீரை ஏறத்தாழ அப்படியே ஏற்கிறது. அதிலுள்ள அருமண் செறிவும் பவள எலும்புக்கூட்டில் உள்ளதைவிட மிக அதிகம்.

அடுத்த கேள்வி, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த பிறகும் அடையாளம் நிலைக்குமா என்பது. நோத்டர்ஃப்ட், வெப், கேம்பர் மூவரும் 2004-இல் இதற்கு விடை தந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கானிங் படுகையில் டெவோனியன் காலத்துப் பவளத்திட்டுப் பாறைகள் உள்ளன. வயது 37 கோடி ஆண்டுகள் அளவில். அங்கிருந்து 49 மாதிரிகளை அளந்ததில், ஒரே நீரில் பிறந்த வெவ்வேறு கூறுகளில் அருமண்களின் மொத்த அளவு வேறுபட்டாலும் கோட்டின் வடிவம் ஒத்திருந்தது. கடல்தரையிலேயே தொடக்கத்தில் இடைவெளிகளை நிரப்பிப் படிந்த தூய சிமென்ட் படிகங்களில் இட்ரியம் ஹோல்மியம் விகிதம் 59 வரை இருந்தது. அது இன்றைய திறந்த கடலின் எண்.

இந்த முடிவில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி, ‘வெவ்வேறு கூறுகள்’ என்ற இடம். அவர்கள் பாறையை ஒட்டுமொத்தமாக இடித்துத் தூளாக்கவில்லை. ஓடு தனி, நுண்ணுயிர்ப் படிவு தனி, சிமென்ட் தனி என்று பிரித்துப் பேசவைத்தார்கள்.

5. கடலா, ஏரியா? பில்பரா தரும் விடை

இதே மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இரண்டு ஸ்ட்ரோமட்டோலைட் படிவுகள் இருக்கின்றன. ஒன்று ஸ்ட்ரெல்லி பூல், ஏறக்குறைய 345 கோடி ஆண்டுகள் பழையது. பூமியின் மிகத் தொன்மையான உயிர்ச்சான்றுகளில் ஒன்றாகப் பேசப்படுவது. உயிர்தான் அந்த அடுக்குகளை உருவாக்கியதா, வெந்நீரிலிருந்து வெறும் வேதிப்படிவாக விழுந்ததா என்று நீண்ட விவாதம் நடந்தது. 2003-இல் வான் கிரானண்டாங்க், வெப், கேம்பர் குழு அந்தக் கார்பனேட்டை அளந்தபோது, கனமான அருமண்கள் மிகுந்த ஏறுகோடு, லாந்தன உயர்வு, உயர்ந்த இட்ரிய விகிதம் எனக் கடலின் அடையாளங்கள் தென்பட்டன. சீரியப் பள்ளம் மட்டும் இல்லை. அதுவும் பொருத்தமே: அன்றைய கடலில் சீரியத்தை ஆக்சிஜனேற்றம் செய்யப் போதுமான ஆக்சிஜன் இல்லை. பாறை கடலில் பிறந்தது, அந்தக் கடல் ஆக்சிஜனற்றது என்று இரண்டு செய்திகளை ஒரே கோடு தந்தது.

இரண்டாவது, வடக்கு ஃபோர்டெஸ்க்யூ தொகுதியைச் சேர்ந்த டம்பியானா படிவு. வயது ஏறக்குறைய 272 கோடி ஆண்டுகள். இங்கேயும் அழகான ஸ்ட்ரோமட்டோலைட்டுகள். கடல் என்றவர்களும் ஏரி என்றவர்களும் உண்டு. பொல்ஹார், வான் கிரானண்டாங்க் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கடலுக்குரிய அடையாளங்கள் இங்கே காணப்படவில்லை. படிவுச்சூழல் கடல் அல்ல என்று முடிவு செய்தார்கள். ஒரே நிலப்பகுதி, ஒரே வகைக் கட்டமைப்பு. நீர் மட்டும் வேறு. கண்ணால் பிரிக்க முடியாததை அருமண் பிரித்துக் காட்டிய இடம் இது.

யூரோப்பியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலடி எரிமலைப் பிளவுகளிலிருந்து பீறிடும் வெந்நீரில் யூரோப்பியம் மிகுந்திருக்கும். ஆர்க்கேயன் காலக் கடற்படிவுகளில் யூரோப்பியம் முகடாக நிற்பது வழக்கம். அன்றைய கடலின் வேதியியலில் வெந்நீரின் பங்கு இன்றைவிடப் பெரிது என்பதற்கு அது சான்று. ஆனால் இளைய சுண்ணாம்புக்கல்லில் யூரோப்பிய முகடு தெரிந்தால் உடனே வெந்நீர் என்று எழுதிவிடக் கூடாது. பிளேஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் மணிகள் சில கலந்திருந்தாலும் அதே முகடு வரும்.

6. ஆக்சிஜனும் முதல் ஓடுகளும்

சீரியம் ஆக்சிஜனைப் பற்றிப் பேசும் என்றேன். நுட்பமாகச் சொன்னால் அது மாங்கனீசைப் பற்றிப் பேசுகிறது. நீரில் ஆக்சிஜன் குறையத் தொடங்கினால் இரும்பு ஆக்சைடு கரைவதற்கு முன்பே மாங்கனீசு ஆக்சைடு கரைந்துவிடும். ஆகவே ஆக்சிஜன் நிறைந்த நீருக்கும் முற்றும் அற்ற நீருக்கும் இடைப்பட்ட நிலையைச் சீரியம் காட்டும். இரும்பை நம்பும் முறைகள் தவறவிடும் நிலை அது.

நமீபியாவின் நாமா தொகுதிச் சுண்ணாம்புக்கற்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓடு கட்டிய முதல் விலங்குகளான குளோடினாவும் நாமகாலத்தஸும் வாழ்ந்த கடல் அது. டோஸ்டெவினும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் அங்கே சீரியத்தை அளந்தார்கள். சில இடங்களில் எதிர்பார்த்தபடி பள்ளம். வேறு சில இடங்களில் முகடு. முகட்டுக்கு விளக்கம் இதுதான்: மேலே ஆக்சிஜன் உள்ள நீரில் சீரியத்தைச் சுமந்துகொண்டு மூழ்கிய மாங்கனீசுத் துகள்கள், கீழே ஆக்சிஜன் குறைந்த அடுக்கை அடைந்ததும் கரைந்து சுமையை இறக்கிவிட்டன. அந்த அடுக்கு நீரில் சீரியம் மிகுந்தது. ஓடு கட்டிய விலங்குகள் நன்கு ஆக்சிஜன் கிடைத்த நீரிலேயே வாழ்ந்தன. ஆக்சிஜன் குறைந்த பகுதி அவற்றின் வாழிடத்தைச் சுருக்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு. படிவுச்சூழல் என்ற ஒரு பாறையியல் கேள்வி, விலங்குகளின் தொடக்க வரலாற்றுக்குள் நேராகப் போய் நிற்பதைப் பாருங்கள்.

சீரியப் பிறழ்வைக் கணக்கிடுவதில் ஒரு பொறி உண்டு. இருபுறமும் உள்ள லாந்தனம், பிரசியோடிமியம் இரண்டின் சராசரியோடு சீரியத்தை ஒப்பிடுவது பழைய வழக்கம். ஆனால் கடல்நீரில் லாந்தனமே இயல்புக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதனால் சராசரி உயர்ந்து, சீரியம் குறையாமலே குறைந்ததாகத் தோன்றும். 1996-இல் பாவ், டுல்ஸ்கி இருவரும் இதற்கு ஒரு மாற்றுச் சோதனை சொன்னார்கள். பிரசியோடிமியத்தைச் சீரியம், நியோடிமியம் இரண்டின் சராசரியோடு ஒப்பிடுங்கள். சீரியம் உண்மையிலேயே குறைந்திருந்தால் இந்த எண் 1-ஐத் தாண்டும். தாண்டாவிட்டால் நாம் பார்த்தது லாந்தனத்தின் விளையாட்டு. எந்த ஆய்வேட்டில் இந்தச் சோதனை இல்லையோ, அதன் சீரிய முடிவைக் கையில் எடுக்கும்போது எச்சரிக்கை தேவை.

7. குறுக்கே பேசுபவர்கள்

இனி இந்தச் சொற்பொழிவின் நடுப்பொருளுக்கு வருகிறேன். பாறைத் தூளில் கடலோடு சேர்ந்து வேறு யார் யார் பேசுகிறார்கள்?

முதலில் களி. களிப்பாறைச் சராசரியில் அருமண்களின் கூட்டுத்தொகை பத்து லட்சத்தில் 184 பங்கு அளவு. தூய சுண்ணாம்புக்கல் ஒன்றில் அது 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். எடையில் 2 சதவீதம் களி கலந்தால் களி கொண்டுவருவது 3.7 பங்கு, கடலின் பங்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இட்ரிய விகிதத்திலும் அதே கதை. ஹோல்மியம் 0.02 பங்கும் விகிதம் 60-உம் உள்ள ஒரு தூய கல்லில் 1 சதவீதம் களி கலந்தால் விகிதம் 49-க்கு இறங்கும். 5 சதவீதம் கலந்தால் 36 அளவுக்கு வந்துவிடும். களத்தில் நின்று பார்த்தால் அந்தக் கல் அப்போதும் தூய சுண்ணாம்புக்கல்லாகவே தோன்றும். ஆய்வேட்டிலோ அது ஏரிப்படிவாகிவிடும்.

களியைவிடக் கொடியது கனிம மணி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் நமக்குத் தெரிந்ததே. அதன் எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகள். ஒரு கிராம் பாறைத் தூளில் 0.15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு மோனசைட் மணி இருந்தாலே, அது கொண்டுவரும் அருமண் ஏறக்குறைய 4 பங்கு. முழுத் தூளையும் கடும் அமிலத்தில் கரைத்தவர் கடலை அளந்ததாக நினைப்பார். அளந்தது அந்த ஒரு மணியை.

மூன்றாவது, இரும்பு மாங்கனீசு ஆக்சைடுப் பூச்சுகளும் பாஸ்பேட்டும். முன்னது சீரியத்தைக் குவித்துப் பள்ளத்தை மூடும். பின்னது நடு வரிசை அருமண்களைக் குவித்துக் கோட்டின் நடுவில் ஒரு மேட்டை உண்டாக்கும்.

நான்காவது, பாறையான பின் நிகழ்ந்த மாற்றம். இதில் இயற்கை நமக்குச் சற்று ஆதரவாக இருக்கிறது. ஒரு கிலோ கார்பனேட்டில் 1 மில்லிகிராம் நியோடிமியம் இருப்பதாகக் கொள்ளுங்கள். கடல்நீர் போன்ற ஒரு நீர், கிலோவுக்கு 3 நானோகிராம் மட்டும் சுமந்து வந்தால், அந்த அளவு நியோடிமியத்தைக் கொண்டுவர மூன்று லட்சம் கிலோவுக்கு மேல் நீர் வேண்டும். அமெரிக்காவின் பர்லிங்டன் கியோகுக் டோலமைட்டுகளில் பேனரும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் காட்டியது இதைத்தான்: ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகள் மாறிய பிறகும் அருமண்கள் எளிதில் மாறுவதில்லை. ஆனால் இது நிபந்தனை இல்லாத உறுதி அல்ல. களி மிகுந்த சேற்றின் துளைநீரில் அருமண்கள் கடல்நீரைவிடப் பன்மடங்கு அதிகம். அத்தகைய நீரிலிருந்து பிறந்த சிமென்ட், சேற்றின் குரலைத்தான் எடுத்துச் சொல்லும்.

இவற்றைப் பிரிக்க வழிகள் இருக்கின்றன. முதலில் அம்மோனியம் அசிட்டேட்டால் கழுவிக் களியின் மேல் ஒட்டியிருப்பதை நீக்கலாம். பிறகு மென்மையான அசிட்டிக் அமிலத்தால் கார்பனேட்டை மட்டும் படிப்படியாகக் கரைக்கலாம். மோனசைட் அந்த அமிலத்துக்கு அசையாது. மெல்லிய பாறைத்தகட்டின் மேல் லேசர் கதிரைச் செலுத்தி, சில பத்து மைக்ரான் அகலமுள்ள புள்ளியை மட்டும் நிறை நிறமாலைமானிக்கு அனுப்பலாம். அளந்த பின் அலுமினியம், தோரியம், சிர்க்கோனியம் மூன்றோடும் அருமண்களை ஒப்பிட வேண்டும். சிர்க்கோனியம் ஏற ஏற இட்ரிய விகிதம் இறங்கினால் பேசுவது நிலம். மாங்கனீசோடு சீரியம் சேர்ந்து ஏறினால் பேசுவது ஆக்சைடுப் பூச்சு. பாஸ்பரசோடு நடுமேடு உயர்ந்தால் பாஸ்பேட். எதனோடும் சேராமல் நிற்பதே கடலின் குரலாக இருக்கத் தகுதி உடையது.

8. காவிரிப் படுகையில்

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளை 1860-களிலேயே பிளான்ஃபோர்ட் வரைபடமாக்கினார். அவற்றின் தொல்லுயிர்களை ஸ்டோலிச்கா விவரித்தார். உலக அளவில் அறியப்பட்ட இந்தப் பாறைகளில் இரண்டு கார்பனேட் படிவுகள் நமக்கு முக்கியம். கல்லக்குடியை ஒட்டிய டால்மியாபுரப் படிவு. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக்கல் அதில் உண்டு. மற்றது அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிப் படிவு; சிப்பிக் கூட்டங்கள் செறிந்த மாஸ்டிரிக்டியன் காலப் பாறை. சிமென்ட் ஆலைகளின் சுரங்கங்களால் இரண்டும் நன்றாகத் திறந்து கிடக்கின்றன. கல்லங்குறிச்சிப் பாறைகளின் அருமண்களைப் பற்றி 1999-இலும், கூடங்குளத்து மயோசீன் சுண்ணாம்புக்கற்களின் வேதியியலைப் பற்றி 2003-இலும், டால்மியாபுரப் படிவைப் பற்றி 2009-இலும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆக, இங்கே பாதை போடப்பட்டிருக்கிறது.

இந்தப் பாறைகளின் இயல்பு என்ன? கண்டத்தின் விளிம்பில், கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் பிறந்தவை. மேற்கே உயர்ந்து நின்ற நைஸ், சார்னோக்கைட் பாறைகள் அரிக்கப்பட்டு, களியும் மணலும் அந்தக் கடலுக்குள் வந்துகொண்டே இருந்தன. சார்னோக்கைட்டிலிருந்து வரும் ஃபெல்ஸ்பார் யூரோப்பியத்தைக் கொண்டுவரும். கனிம மணல் இலேசான அருமண்களைக் கொண்டுவரும். முன் பகுதியில் அடுக்கிய இடர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கும் படுகை இது. இங்கே ஒட்டுமொத்தப் பாறைத் தூளின் கோட்டை வைத்துக்கொண்டு கடலின் ஆக்சிஜன் நிலையை எழுதுவது பொருந்தாது.

அதற்காக இந்தப் பாறைகள் பயனற்றவை என்று யாரும் எண்ண வேண்டாம். படிவுச்சூழல் என்பதில் நீரின் வேதியியல் ஒரு பாதி. கரை எவ்வளவு அருகில் இருந்தது, ஆறு எவ்வளவு கொட்டியது, எந்த மலையை அரித்தது என்பது மறு பாதி. களியின் குரலைக் கலப்படம் என்று தள்ளிவிடாமல் தனியே பிரித்துக் கேட்டால் அந்த மறு பாதி கிடைக்கும். ஒரே மாதிரியில் மென்மையான அமிலம் கரைத்த பகுதி கடலைச் சொல்லட்டும். கரையாமல் எஞ்சிய பகுதி நிலத்தைச் சொல்லட்டும். கல்லங்குறிச்சிச் சுரங்கச் சுவரில் அடியிலிருந்து மேல் வரை இவ்விரண்டையும் இணையாக அளந்தால், கடல் ஏறியதும் விலகியதும் ஆற்றுச் சுமை கூடியதும் குறைந்ததும் ஒரே வரைபடத்தில் வரும்.

மதுக்கரை போன்ற இடங்களின் படிகச் சுண்ணாம்புக்கற்கள் வேறு வகை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் முழுக்க மறுபடிகமானவை அவை. அங்கே அருமண்கள் புதிதாகப் பிறந்த கனிமங்களுக்கு இடம் மாறியிருக்கக்கூடும். கடலைத் தேடி அங்கே போகிறவர், முதலில் எந்தக் கனிமத்தில் எந்தத் தனிமம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். செவத்தூர்க் கார்பனடைட்டில் இந்தச் சிரமம் இல்லை. இலேசான அருமண்கள் மிக அதிகமாகி, கோடு வலப்பக்கம் செங்குத்தாகச் சரிவது கார்பனடைட்டுகளின் பொது இயல்பு. ஏறுகோடு காட்டும் கடற்பாறைக்கு நேர் எதிர் அது; அமிலச் சொட்டு சொல்லாத வேறுபாட்டை அருமண் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

9. மாணவர்களுக்கு

இன்று ஒரு மாதிரியை அனுப்பினால் சில நாளில் 14 தனிமங்களின் எண்களும் அட்டவணையாக வந்துவிடும். எண் கிடைப்பது எளிதாகிவிட்டதால், எண்ணுக்கு முந்தைய வேலை குறைந்துகொண்டே வருகிறது. என் கவலை அதுதான். ஹெரன் திட்டிலும் கானிங் படுகையிலும் பில்பராவிலும் வெற்றி தந்தது விலை உயர்ந்த கருவி மட்டுமல்ல. எந்தக் கூறு முதலில் பிறந்தது, எது பின்னால் வந்தது என்று பாறைத்தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களின் பொறுமை அது. சிமென்ட் படிகத்தின் தலைமுறைகளைப் பிரித்தறியத் தெரிந்தவர் ஒருவர் துறையில் இருந்தால், அவர் தரும் பத்து மாதிரிகள் கண்மூடி எடுத்த நூறு மாதிரிகளைவிட அதிகம் சொல்லும்.

எனவே அருமண் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் முதலில் மூன்று வேலைகளைக் கற்றுக்கொள்ளட்டும். சுரங்கச் சுவரில் அடுக்கு வரிசையைத் தன் கையால் வரையட்டும். எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் பாறைத்தகடு செய்து, துளையிட வேண்டிய புள்ளியை அதில் குறிக்கட்டும். எண்கள் வந்ததும் கோட்டை வரைவதற்கு முன் அலுமினியத்தையும் சிர்க்கோனியத்தையும் பார்க்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு சீரியப் பள்ளம் நின்றால், அந்தக் கடலில் ஆக்சிஜன் இருந்தது என்று தலைநிமிர்ந்து எழுதலாம். நிற்காவிட்டால், நிலத்தைப் பற்றி எழுத வேறொரு நல்ல ஆய்வேடு கையில் இருக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் அது பாறை சொன்னது. நாம் சொல்லவைத்தது அல்ல.

அரியலூரின் சுரங்கங்களில் நாள்தோறும் இந்தப் பாறை உடைந்து ஆலைக்குப் போகிறது. அடுக்கு வரிசையோடு மாதிரி எடுக்கும் வாய்ப்பு என்றென்றும் இருக்காது. இந்தத் துறையும் சுரங்க நிருவாகங்களும் சேர்ந்து, தோண்டி முடிப்பதற்குள் ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு முழு வெட்டுமுகத்தையாவது அளந்து, மாதிரிகளைப் பாதுகாப்பில் வைக்க வேண்டும். பின்னால் வரும் ஆய்வாளர்களிடம் நம்மைவிட நுண்ணிய கருவிகள் இருக்கும். அவர்களுக்குத் தேவைப்படப் போவது கல். அதைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு நம்முடையது.